ஈரானின் குர்திஸ்தான் மாகாணம்: நிலம், மக்கள், பிழைப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குர்திஸ்தான் ஈராக்கில்தானே இருக்கிறது? ஈரானிலும் ஒன்று உண்டா?

உண்டு. செய்திகளில் அடிக்கடி வருவது ஈராக்கின் வடக்கே அர்பிலைத் தலைநகராகக் கொண்ட தன்னாட்சிப் பகுதி. அதற்குத் தனிப் பாராளுமன்றம், தனிப் படை எல்லாம் இருக்கின்றன. நாம் இங்கே பார்ப்பது எல்லைக்குக் கிழக்கே உள்ள, ஈரானின் 31 மாகாணங்களில் ஒன்றான குர்திஸ்தான். இதன் தலைநகர் சனந்தஜ். பெயரில் குர்திஸ்தான் இருக்கிறதே தவிர தன்னாட்சி ஏதும் கிடையாது. ஆளுநரைத் தெஹ்ரான்தான் நியமிக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஈரானில் வாழும் குர்து இன மக்கள் எல்லாரும் இந்த மாகாணத்தில் இல்லை. மேற்கு அஜர்பைஜான், கெர்மான்ஷா, இலாம் மாகாணங்களிலும் அவர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். தூரத்து வடகிழக்கில், கொராசானிலும் இருக்கிறார்கள். 1946இல் குர்துகள் அமைத்து ஓராண்டுகூட நீடிக்காத மஹாபாத் குடியரசைப் பற்றிப் படித்தவர்கள் அதை இந்த மாகாணத்தோடு சேர்த்துவிடுவதுண்டு. மஹாபாத் நகரம் மேற்கு அஜர்பைஜானில் இருக்கிறது.

எவ்வளவு பெரியது? சுற்றிலும் என்ன?

ஏறத்தாழ 29,000 சதுர கிலோமீட்டர். வடக்கே மேற்கு அஜர்பைஜான், கிழக்கே சஞ்சான், ஹமதான், தெற்கே கெர்மான்ஷா. மேற்கே ஈராக். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் குர்துகள்தான். பேச்சு, உறவு, கொள்வினை கொடுப்பினை எல்லாம் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும். இந்த மாகாணத்தின் பொருளாதாரத்தில் பாதியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

2016 கணக்கெடுப்பின்படி மாவட்டங்கள் 10: சனந்தஜ், சக்கெஸ், மரிவான், பானே, பிஜார், கோர்வே, காம்யாரான், திவான்தர்ரே, சர்வாபாத், தேகோலான்.

மலைநாடு என்கிறார்களே, முழுவதும் மலைதானா?

மேற்குப் பாதி அப்படித்தான். ஸாக்ரோஸ் மலைத்தொடரின் மடிப்புகள் எல்லையை ஒட்டி நெருக்கமாக வருகின்றன. கருவாலி மரக் காடுகள், ஆழமான பள்ளத்தாக்குகள், குறுகலான சாலைகள். கிழக்கே போகப் போக மலை தணிந்து மேட்டுச் சமவெளியாகிறது. கோர்வே, தேகோலான் பக்கம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை வயல்கள். ஆனால் சமவெளி என்றதும் தாழ்வான இடம் என்று நினைத்துவிடக் கூடாது. சனந்தஜே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. பிஜார் 1,900 மீட்டரையும் தாண்டும். ஈரானின் மிக உயரமான நகரங்களில் பிஜாரும் ஒன்று.

ஆறுகள் உண்டா? தண்ணீர் நிலைமை எப்படி?

இந்த மாகாணத்தின் நிலவியலில் மிகச் சுவையான பகுதி இதுதான். திவான்தர்ரே, சக்கெஸ், மரிவான் மூன்றுக்கும் நடுவில் செஹல் செஷ்மே என்று ஒரு மலை நிற்கிறது. 'நாற்பது ஊற்று' என்று பொருள், 3,000 மீட்டருக்கு மேல் உயரம். அதன் சரிவுகளில் உருகும் பனி மூன்று வேறு வேறு நீர்நிலைகளுக்குப் போகிறது. கிழக்கே இறங்குவது கெஸல் ஓஸன் ஆறாகிப் பிறகு செஃபித் ருத் என்ற பெயரில் காஸ்பியன் கடலில் சேர்கிறது. வடக்கே இறங்குவது சர்ரினே ருத் ஆறாகி உர்மியா ஏரிக்குப் போகிறது. அந்த ஏரிக்கு வரும் ஆறுகளில் மிகப் பெரியது அதுதான். தெற்கிலும் மேற்கிலும் இறங்குவது சிர்வான் ஆற்றில் சேர்ந்து, ஈராக்கில் தியாலா என்ற பெயரில் ஓடி, டைக்ரிஸில் கலந்து பாரசீக வளைகுடாவுக்குப் போகிறது. பானே பக்கத்துத் தண்ணீரும் சின்ன ஸாப் வழியாக டைக்ரிஸுக்கே போய்ச் சேரும்.

இத்தனை ஆறுகள் பிறந்தும் இங்குள்ள விவசாயி பெரும்பாலும் வானத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் இருக்கிறது. பெரிய அணைகளின் பயனும் பல சமயம் கீழே உள்ள மாகாணங்களுக்கே போகிறது. சர்ரினே ருத்தில் 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் பூக்கான் அணை மேற்கு அஜர்பைஜானின் பாசனத்துக்கானது. சிர்வான் தண்ணீரைக் குகைப்பாதை வழியாகத் தென்மேற்கின் வெப்பச் சமவெளிகளுக்குக் கொண்டுபோகும் திட்டமும் உண்டு. தண்ணீர் குறைகிறது என்று ஈராக்கில் தர்பந்திகான் அணைப் பக்கத்தவர்கள் குறைப்படுகிறார்கள். கோர்வே, தேகோலான் சமவெளிகளிலோ ஆழ்துளைக் கிணறு போட்டு உருளைக்கிழங்குக்கு இறைத்து இறைத்து நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. தண்ணீர் பிறக்கும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் என்பது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான்.

குளிர் அதிகமா?

அதிகம்தான். சக்கெஸ், பிஜார், திவான்தர்ரே ஈரானின் கடுங்குளிர்ப் பகுதிகள். மழையும் பனியும் மேற்கிலிருந்து வரும் மேகங்கள் தருபவை. எல்லையோர மரிவானுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் கிழக்கே வர வர அவை வற்றிவிடும். கோடை வறண்டிருக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்ற பேச்சே இல்லை.

மரிவான் ஏரியைப் பற்றி?

ஸ்ரேபார் ஏரி. பாரசீகத்தில் சரிவார் என்றும் சொல்வார்கள். மரிவானிலிருந்து மேற்கே சில நிமிடப் பயணம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,285 மீட்டரில் உள்ள நன்னீர் ஏரி. பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. பெரும்பாலும் அடியிலிருந்து வரும் ஊற்றுகளே நிரப்புகின்றன. கரையெல்லாம் நாணல். கடுங்குளிர்காலத்தில் மேலே உறைந்துவிடும். கொடுங்கோல் அரசன் ஒருவனின் ஊர் சாபத்தால் மூழ்கி இந்த ஏரியானது என்று உள்ளூர்க் கதை இருக்கிறது.

கதையை விடச் சேறு சொல்லும் வரலாறு எனக்கு அதிகம் பிடிக்கும். 1960களில் ஆய்வாளர்கள் இந்த ஏரியின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து அதிலிருந்த மகரந்தத் தூள்களை எண்ணினார்கள். 40,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாவர வரலாறு அதில் படிந்திருந்தது. பனியுகத்தில் இங்கே மரமே கிடையாது, வெறும் குளிர்ப் புல்வெளி. பனியுகம் முடிந்த பிறகும் கருவாலிக் காடு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. இன்று பார்க்கும் அடர்த்தி கிடைத்து சுமார் 6,000 ஆண்டுகளே ஆகின்றன. மேற்காசியாவின் பழைய தட்பவெப்பம் பற்றிப் படிக்கும் யாரும் இந்தச் சின்ன ஏரியின் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

மக்கள்தொகை எவ்வளவு?

2016 கணக்கெடுப்பில் 16,03,011 பேர். பத்தில் ஏழு பேர் நகரவாசிகள். சனந்தஜில் 4,12,767, சக்கெஸில் 1,65,258, மரிவானில் 1,36,654, பானேயில் 1,10,218 பேர்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நகர்வு இருக்கிறது. எல்லையை ஒட்டிய பானே, மரிவான் மாவட்டங்கள் வேகமாகப் பெருத்தன. உள்நாட்டுப் பக்கம் இருக்கும் பிஜார் மாவட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிஜார் மண் கோதுமைக்குப் பேர்போனது. ஆனாலும் இளைஞர்கள் அங்கே நிற்கவில்லை. கிராமத்தை விட்டு வந்தவர்களில் பலர் சனந்தஜின் ஓரங்களில் குடியேறினார்கள். நகருக்கு வெளியே உள்ள நாய்சர் ஒரு காலத்தில் சிறு கிராமம். பட்டா இல்லாத வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பிப் பல்லாயிரம் பேர் வாழும் குடியிருப்பாகிவிட்டது. சனந்தஜில் வீட்டு வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு அதுதான் இடம்.

என்ன மொழி பேசுகிறார்கள்? என்ன மதம்?

பெரும்பாலோர் சொரானி என்ற குர்து வகையைப் பேசுகிறார்கள். சனந்தஜுக்கென்று தனிச் சாயல் உண்டு. ஹவ்ராமான் மலைக் கிராமங்களில் ஹவ்ராமி. சொரானிக்காரருக்கு அது எளிதில் புரியாது. பிஜார் பக்கம் தென்குர்து வகை. கோர்வே, பிஜார் சுற்றில் துருக்கிய மொழி பேசும் ஊர்களும் உண்டு. பள்ளிக்கூடம் முழுக்கப் பாரசீகத்தில்தான். சனந்தஜில் உள்ள குர்திஸ்தான் பல்கலைக்கழகத்தில் குர்து மொழி இலக்கியத்துக்கு இளங்கலைப் படிப்பு 2015இல்தான் தொடங்கியது.

மதத்தில் பெரும்பாலோர் ஷாஃபிஈ சட்ட மரபைப் பின்பற்றும் சுன்னி முஸ்லிம்கள். பிஜாரிலும் கோர்வேயிலும் ஷியாக்கள் அதிகம். காதிரி, நக்ஷ்பந்தி சூஃபி மரபுகள் இங்கே ஆழமாக வேரூன்றியவை. தஃப் என்ற பெரிய சட்டப்பறை இந்த சூஃபி மடங்களிலிருந்துதான் மேடைக்கு வந்தது. 2019இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சனந்தஜை இசை நகரமாகச் சேர்த்தது.

சனந்தஜில் ஒரு காலத்தில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இருவரும் பேசியது அரமேய மொழி. ஆனால் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஒருவர் அரமேயம் மற்றவருக்குப் புரியாது. தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் குர்துவிலோ பாரசீகத்திலோதான் பேச வேண்டும். 1950களுக்குப் பிறகு யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் தெஹ்ரானுக்கும் போய்விட்டார்கள்.

மஹ்சா அமீனி இந்த ஊர்க்காரர்தானா?

ஆமாம், சக்கெஸ்காரர். வீட்டில் ஜீனா என்று பெயர். தெஹ்ரான் போயிருந்தபோது ஹிஜாபை முறையாக அணியவில்லை என்று கலாசாரக் காவலர்கள் பிடித்துப் போனார்கள். 2022 செப்டம்பர் 16 அன்று, 22 வயதில், காவலில் இருந்தபோது இறந்தார். சக்கெஸில் நடந்த அடக்கத்தின்போது பெண்கள் தலைத்துணியைக் கழற்றி வீசினார்கள். 'ஜின், ஜியான், ஆசாதி' (பெண், வாழ்வு, விடுதலை) என்ற குர்து முழக்கம் அங்கிருந்துதான் ஈரான் முழுக்கப் பரவியது.

அதற்கு முன்பும் இந்த மாகாணத்துக்கும் தெஹ்ரானுக்கும் நல்ல உறவு இருந்ததில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு தன்னாட்சி கேட்ட குர்து அமைப்புகளுக்கும் புதிய அரசுக்கும் சண்டை மூண்டது. 1980 வசந்தத்தில் சனந்தஜ் தெருக்களிலேயே வாரக்கணக்கில் போர் நடந்தது. அதன்பின் 8 ஆண்டு ஈரான்-ஈராக் போர். எல்லைச் சரிவுகளில் அப்போது புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் ஆடு மேய்ப்பவர்களின் காலை எடுக்கின்றன. பெரிய முதலீடு ஏன் இங்கே வரவில்லை என்பதற்குப் 'பாதுகாப்புப் பிரச்சினை' என்ற ஒரே பதிலைப் பல்லாண்டாகச் சொல்லி வந்தார்கள். போர் முடிந்து தலைமுறை கடந்தும் அந்தப் பதில் மாறாதது நியாயமாகப் படவில்லை.

விவசாயத்தில் என்ன விளைகிறது?

மானாவாரிக் கோதுமை, கொண்டைக்கடலை, குதிரைமசால், உருளைக்கிழங்கு. மலைப்பக்கம் வால்நட், மாதுளை, திராட்சை. பலருக்கும் தெரியாதது ஸ்ட்ராபெர்ரி: ஈரானில் அதிகம் விளைவிக்கும் மாகாணங்களில் இது முன்னணியில் நிற்கிறது. சனந்தஜ், மரிவான், காம்யாரான் பக்கத்துச் சரிவுகளில் மே கடைசியிலிருந்து பறிக்கிறார்கள். பழம் சின்னது, மணம் தூக்கலாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் மறுநாளே நொந்துவிடும். குளிர்சாதனக் கிடங்கும் பதப்படுத்தும் ஆலையும் போதாததால் வியாபாரி சொல்வதே விலை.

காடுகளில் காட்டுப் பிஸ்தா மரத்தைக் கீறி, கீழே களிமண் கிண்ணம் ஒட்டிப் பிசின் எடுப்பதும் பழைய தொழில். மெல்லும் கோந்துக்கு அது மூலப்பொருள். அப்புறம் கால்நடை. மரிவான் சுற்றில் மர்ஹோஸ் என்ற நீளமயிர் வெள்ளாடு உண்டு. அதன் மயிரில் நெய்த துணியில்தான் குர்து ஆண்களின் பாரம்பரிய உடுப்பு தைப்பார்கள். இப்போது மந்தைகள் குறைந்து, இனமே அரிதாகிவிட்டது.

கோல்பர் என்பவர்கள் யார்?

எல்லைக்கு அப்பாலிருந்து முதுகில் சரக்கு சுமந்து வருபவர்கள். ஈராக் பக்கம் லாரியில் வந்து இறங்கும் சரக்கைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு, சாலையில்லாத மலைக் கணவாய் வழியாக இந்தப்புறம் வண்டி நிற்கும் இடம் வரை நடந்து வர வேண்டும். சிகரெட், தேயிலை, துணி, டயர், தொலைக்காட்சிப் பெட்டி, ஏசி. ஒரு சுமை 30 கிலோவும் இருக்கும், 50 கிலோவும் இருக்கும். பட்டம் படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள், பெண்களும் உண்டு.

சரக்கு அவர்களுடையதல்ல. ஏதோ ஒரு நகரத்து வியாபாரியின் சரக்கு. இவர்களுக்குச் சுமைக்கூலி மட்டும். வழியில் சரக்கு பறிபோனால் நஷ்டத்தைத் தலையில் கட்டும் முதலாளிகளும் உண்டு. எல்லைக் காவல் படை சுடும். கண்ணிவெடி இருக்கும். பனிச்சரிவு வரும். 2019 டிசம்பரில் மரிவான் அருகே பனிப்புயலில் சிக்கி 14 வயதுச் சிறுவன் ஒருவனும் அவன் அண்ணனும் இறந்தபோது நாடே பேசியது. அரசு அட்டை கொடுத்து, நாள் குறித்துத் திறந்த சில வழிகள் இருந்தன. அவை திறப்பதும் மூடுவதும் அதிகாரிகளின் மனநிலையைப் பொறுத்தது.

இதைக் கடத்தல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் லாபம் பார்ப்பவர் சுட்டுக்கொல்லப்படுவதில்லை, சுமப்பவர் மட்டுமே சாகிறார். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வார்த்தையைப் பயன்படுத்த மனம் வருவதில்லை.

அந்தச் சரக்கெல்லாம் எங்கே போகிறது?

நிறைய பானேவுக்கு. இத்தனை சிறிய ஊரில் இத்தனை வணிக வளாகங்களா என்று தோன்றும். தெஹ்ரான், இஸ்ஃபஹானிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் வாங்கிப் போவார்கள். 2018இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு 1,300க்கும் மேற்பட்ட பொருள்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. வெளிநாட்டு வீட்டுச் சாதனங்களும் அதில் அடக்கம். கடைத்தெருவில் கிடைக்காதது பானேயில் கிடைக்கும் என்ற பேர் இதனால் இன்னும் வலுத்தது.

அதே ஆண்டு எல்லை வழிகளை மூடியபோது பானே வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். கல் எறியவில்லை. சாப்பாட்டு விரிப்புகளைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வெறுமையாக விரித்து வைத்தார்கள்.

முறையான வணிகத்துக்கு மரிவான் அருகே பஷ்மாக், பானே அருகே சேய்ரான்பந்த் என்று எல்லைக் கடவைகள் இருக்கின்றன. லாரிகள் அங்கே வரிசையில் நிற்கும்.

தொழிற்சாலைகள் இல்லையா?

குறைவு. சனந்தஜில் பாலிஎத்திலீன் தயாரிக்கும் பெட்ரோ ரசாயன ஆலை ஒன்று உண்டு. வளைகுடாக் கரையிலிருந்து வரும் எத்திலீன் குழாய்தான் அதற்கு உயிர்நாடி. கிழக்குப் பகுதியில் எஃகு ஆலையும், கோர்வே அருகே சாரிகுனாய் தங்கச் சுரங்கமும் இருக்கின்றன. தங்கம் என்றதும் ஊர் செழித்திருக்கும் என்று தோன்றலாம். பக்கத்துக் கிராமத்தார் பேசுவது தூசியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். கோர்வே, பிஜார் சுற்றில் பாறையிலிருந்தே ஆர்சனிக் கசிந்து கிணற்றில் கலப்பது சுரங்கத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். பல கிராமங்களில் தோல் நோய்களே வந்தன. அதனால் அவர்கள் பயத்தைத் தள்ளிவிட முடியாது.

வேலையின்மை ஈரானின் மோசமான மாகாணங்களோடு சேர்த்துப் பேசப்படும் அளவில் இருக்கிறது. கோடையில் குடும்பம் குடும்பமாகத் தெஹ்ரான் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்பிப் போவார்கள்.

கம்பளங்களுக்குப் பேர்போன இடம் என்கிறார்களே?

இரண்டு வகை, இரண்டு குணம். சனந்தஜ் கம்பளம், சந்தைப் பெயரில் சென்னே, மெல்லியது; நுணுக்கமான சின்னச் சின்ன வடிவங்கள். உலகக் கம்பளக் கடைகளில் பாரசீக முடிச்சுக்கு 'சென்னே முடிச்சு' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், சனந்தஜ் நெசவாளர்கள் போடுவது துருக்கிய முடிச்சு!

பிஜார் கம்பளம் நேர் எதிர். ஊடை நூலை ஈரமாக்கி உள்ளே விட்டு, கனமான இரும்புக் கருவியால் ஒவ்வொரு வரிசையையும் ஓங்கி அடித்து இறுக்குவார்கள். தறி நிற்கும் வீட்டுக்கு வெளியே வரை அந்தச் சத்தம் கேட்கும். நெய்து முடித்தால் பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். 'இரும்புக் கம்பளம்' என்று வியாபாரிகள் சொல்வது மிகையில்லை.

மரிவானும் ஹவ்ராமானும் கிளாஷ் என்ற வெள்ளைச் செருப்புக்குப் பேர்போனவை. பழந்துணிப் பட்டைகளை அடுக்கிச் சுத்தியலால் அடித்து இறுக்கி அடிப்பாகம் செய்வது ஆண்கள் வேலை. பருத்தி நூலில் மேற்பாகம் பின்னுவது பெண்கள் வேலை. இடது, வலது என்று பேதம் கிடையாது, எதை எதிலும் போட்டுக்கொள்ளலாம். சனந்தஜில் வால்நட் மரத்தில் சொக்கட்டான் பலகை செய்வதும் நல்ல கைத்தொழில்.

ஹவ்ராமான் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது; இந்த மாகாணத்திலும் கெர்மான்ஷாவிலுமாகப் பரவிக் கிடக்கிறது. செங்குத்தான சரிவில் சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் கட்டிய வீடுகள். கீழ்வீட்டின் மொட்டை மாடி மேல்வீட்டுக்கு முற்றம். விளைநிலம் அருமை என்பதால் மண்ணைக் கூடையில் சுமந்துவந்து படிக்கட்டு வயல் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் கீழே கிராமம், கோடையில் ஆடுகளோடு மேலே கோடைக்குடில் என்று உயரத்தில் ஏறி இறங்கும் வாழ்க்கை. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஹவ்ராமான் தக்த் என்ற ஊரில், பீர் ஷாலியார் என்ற பழைய ஞானியின் பெயரால் விழா நடக்கும். அதிகாலையில் சிறுவர்கள் வீடு வீடாக வால்நட் கொண்டுபோவதோடு தொடங்கி, ஆடு வெட்டி, பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, கூரைகளில் கூட்டம் கூடி நிற்க, கைகோத்துத் தஃப் முழக்கத்துக்கு ஆடுவார்கள்.

பார்க்கப் பழைய இடங்கள்?

திவான்தர்ரே பக்கம் கராஃப்தூ குகை. சுண்ணாம்பு மலையைக் குடைந்து அடுக்கடுக்காக அறைகள். வாசல் மேலே 'இங்கே ஹெராக்ளிஸ் குடியிருக்கிறான், தீயது எதுவும் நுழையாதிருக்கட்டும்' என்ற பொருளில் கிரேக்கக் கல்வெட்டு. அலெக்சாந்தருக்குப் பின் இந்த மலைக்குள் கிரேக்கர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. காம்யாரான் அருகே தங்கிவர் பள்ளத்தாக்கில் அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது, கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கடைசி. அதில் வரும், எகிப்தையும் ஆண்ட நூபிய அரசன் ஒருவனின் பெயரால் எகிப்து வரலாற்றின் காலக்கணக்கையே திருத்த வேண்டி வந்தது. சக்கெஸ் பக்கத்து சிவியேயில் 1947இல் பொன்னும் தந்தமுமாகப் புதையல் கிடைத்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்குபோட்டுக்கொண்டதில் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கிறது. சனந்தஜ் நகரத்துக்குள்ளேயே இந்தப் பகுதியை ஆண்ட அர்தலான் என்ற குர்து வம்சத்தின் காலத்துக் கோஸ்ரோவாபாத் மாளிகை இருக்கிறது.

எப்போது போகலாம்? என்ன சாப்பிடக் கிடைக்கும்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை நல்ல நேரம். மலை பச்சையாக இருக்கும், கணவாய்களில் பனி விலகியிருக்கும். அக்டோபரும் பரவாயில்லை, வால்நட் உதிர்க்கும் காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஹவ்ராமான் பாதைகள் பனியில் அடைபடும். தெஹ்ரானிலிருந்து சனந்தஜ் சாலை வழியாக சுமார் 500 கிலோமீட்டர், விமானமும் உண்டு. எல்லையோரக் கிராமங்களில் கேமரா எடுப்பதற்கு முன் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், காவல் சாவடிகளை எடுக்கவே வேண்டாம். கிளம்பும் முன் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் வசந்தத்தில் கலானே கேளுங்கள்: மெல்லிய மாவுக்குள் காட்டு வெங்காயத்தாள் வைத்து இரும்புக் கல்லில் சுட்டு, வெண்ணெய் தடவி, மோரோடு கொடுப்பார்கள். பலங்கான் கிராமத்துக்குப் போனால் ஆற்றங்கரைப் பண்ணையில் வளர்த்த டிரௌட் மீன் சுட்டுத் தருவார்கள். டீ எப்போதும் கிடைக்கும், பாலில்லாமல், கற்கண்டோடு.